பேரவைக்கு ஓர் ஆள் குறைகிறது

அனுப்புநர்: உன் அக்காள் கணவன், கண்காணிப்பாளர், கூட்டப் பிரிவு, பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம், மூன்றாம் மாடி (லிஃப்ட் ஓடாது).

பெறுநர்: என் மைத்துனன், பம்ப்செட் பழுதுபார்ப்பவர் மற்றும் பேரவை உறுப்பினர் (பதிவுபெற்ற பட்டதாரிகள் தொகுதி, போட்டியின்றி).

பொருள்: வரும் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு உன் உடம்பு ஒரு நாற்காலியில் தேவைப்படுவது – தொடர்பாக.

பார்வை: 1. நான் பதினோரு முறை போன் செய்தது. 2. நீ பதினோரு முறையும் "கடை லீவு" என்று சொல்லி வைத்தது.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று எடுத்துக்கொண்டு கடிதம் மேலே செல்கிறது. மாறாக இருந்தால் மறு தபாலில் தெரிவிக்கவும். குழந்தைகளுக்கு என் அன்பு. உன் மனைவிக்கு என் மரியாதை. உன் கோபத்துக்கும் என் மரியாதை, ஏனென்றால் பத்து மாதமாக அது ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள், உன் மருமகள், எறும்புகளைப் பற்றி ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்தாள் அல்லவா? ஆய்வேட்டை மூன்று பேர் திருத்தி ஒப்புக்கொண்டார்கள். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் எழுந்து நின்று கைகொடுத்தார். வேலையும் கிடைத்துவிட்டது, பெரிய ஆராய்ச்சி நிலையத்தில். மாதக் கடைசிக்குள் முனைவர் பட்டச் சான்றிதழை நீட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். சான்றிதழ் அச்சாகி, அவள் பெயரோடு, என் மேஜைக்கு எதிரில் இருக்கிற இரும்பு அலமாரியில்தான் கிடக்கிறது. தினமும் பார்க்கிறேன். எடுத்துக் கொடுக்க முடியாது. பேரவை கூடி "பட்டம் வழங்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அதில் முத்திரை விழும். பேரவைதான் கூட மாட்டேன் என்கிறது.

உனக்கு விதி தெரியும், ஆனாலும் நீ மறந்திருப்பாய். மொத்தம் நாற்பத்தாறு உறுப்பினர். மூன்றில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். நாற்பத்தாறை மூன்றால் வகுத்தால் பதினைந்து ஆளும் இன்னொரு ஆளில் மூன்றில் ஒரு துண்டும் வரும். அந்தத் துண்டை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு துணைக்குழு ஒன்றரை வருஷம் யோசித்து, பதினாறு என்று முடிவு கட்டியது. பிரேதப் பரிசோதனை செய்த மாதிரி அறிக்கை, அறுபது பக்கம். நான்தான் டைப் அடித்தேன். அன்றைக்கு நான் சும்மா இருக்காமல், "ஐயா, பதினைஞ்சுன்னு வெச்சுக்கலாமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

நீ வராமல் போன மூன்று கூட்டமும் எப்படிப் போனது என்று கேள். முதல் கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். பதினாறாவது ஆளான உடற்கல்வி இயக்குநர் ஜன்னல் வழியாகக் கண்ணுக்குத் தெரிகிறார், கீழே மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டு. நான் கையை ஆட்டுகிறேன், அவரும் பதிலுக்குக் கையை ஆட்டுகிறார். சரி என்று மூன்று மாடி இறங்கி ஓடி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தால், நூலகரைக் காணோம். எங்கே என்றால், "உங்களைக் காணோம்னு தேடிக்கிட்டுப் போனாரு" என்கிறார்கள். நான் நூலகரைத் தேடி ஒரு படிக்கட்டில் இறங்க, அவர் இன்னொரு படிக்கட்டில் ஏற, அதற்குள் துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்துக் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார். எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இரண்டாவது கூட்டத்துக்குப் பதினாறு பேர், எண்ணி எண்ணிப் பார்த்தேன். அப்பாடா என்று உட்கார்ந்தால் சட்டத்துறைப் பேராசிரியர் எழுந்துவிட்டார். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்யாமல் புதுப் பொருளைத் தொடக் கூடாது, சரிதான். ஆனால் நடக்காத கூட்டத்தைப் போன கூட்டம் என்று சொல்லலாமா, அல்லது அதற்கு முந்தியதுதான் போன கூட்டமா என்று கேட்டார். ஒருவர் சொல்லலாம் என்றார். ஒருவர் கூடாது என்றார். ஒருவர், "கூடிக் கலைஞ்சாலும் கூட்டம் கூட்டம்தானேங்க" என்றார். இரண்டே முக்கால் மணி நேரம். சாப்பாட்டுக்குக் கை கழுவப் போன மூன்று பேர் அப்படியே கம்பி நீட்டிவிட்டார்கள். பட்டம் நாலாவது பொருள், மாப்பிள்ளை. முதல் பொருளையே தாண்டவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு ஆளுக்கு ஆள் போன் போட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பதினெட்டு பேரைச் சேர்த்துவிட்டேன். மண்டபம் பூட்டிக் கிடக்கிறது! தேர்வுத் துறை விடைத்தாள் கட்டுகளை உள்ளே அடுக்கிப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. என் பிரிவுக்குத் தெரிவித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்களாம். அது மறுநாள் வந்து சேர்ந்தது. பதினெட்டு பேரும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். துணைவேந்தர் நல்ல மனுஷர், "இங்கேயே முடிச்சுடலாமே" என்றார். சட்டத்துறைப் பேராசிரியர் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தபடியே, "படிக்கட்டு பேரவை மண்டபம் ஆகுமாங்கிறதைப் பேரவைதான் தீர்மானிக்கணும், பேரவை மண்டபத்துலதான் கூடணும்" என்றார். எனக்கு அந்த ஆளைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. ஏழு படிதான், பெரிதாக அடிபடாது.

இப்போது நிலவரம் என்னவென்றால், இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள் (இடம் காலியானாலும் விதிக்கணக்கு நாற்பத்தாறுதான்). உடற்கல்வி இயக்குநர் பந்தயத்துக்காக வெளியூர் போகிறார். விரலை மடக்கி எண்ணினால் பதினைந்து. பதினாறாவது நீதான். கூட்டம் இதை விட்டால் அடுத்த மாதம் இருபதாம் தேதி. அவள் வேலை போயே போச்சு.

அவளிடம் இதைச் சொல்லப் போனால் சிரிக்கிறாள். "அப்பா, எறும்பு புதுக் கூடு தேடுறப்ப, ஒரு இடத்துல போதுமான எறும்பு சேர்ந்துடுச்சுன்னு தெரிஞ்சா உடனே குடிமாறிடும். அதுக்கும் கோரம் இருக்கு. ஆனா யாரும் யாருக்கும் நோட்டீஸ் அனுப்பறதில்ல" என்கிறாள். சிரிக்கிறாளே தவிர, காலையில் பார்த்தால் பல் தேய்க்கிற பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு காலண்டர் முன்னால் நிற்கிறாள், மாப்பிள்ளை. பேஸ்ட் தாடையில் வழிவதுகூடத் தெரியவில்லை.

நீ ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கடைசியாக ஒழுங்காக நடந்த கூட்டத்தில், மாணவியர் விடுதி மூன்றாம் தளத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று நீ எழுந்து இருபத்தைந்து நிமிஷம் பேசினாய். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் குழாய்ப் படம் போட்டு எல்லோருக்கும் காட்டினாய். நான் குறிப்பில் என்ன எழுதினேன்? "உறுப்பினர் பேசினார். குறித்துக்கொள்ளப்பட்டது." மூன்று வார்த்தை. அந்த நகல் உன் கைக்கு வந்த அன்று நீ அக்காவுக்குப் போன் போட்டு, "அத்தான் என்னை மூணு வார்த்தையில பொதைச்சுட்டாரு" என்றாயாம். நான் என்ன செய்ய? இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். குறிப்பில் கோபம் வரக் கூடாது, சிரிப்பு வரக் கூடாது, குழாய்ப் படம் வரக் கூடாது. ஒருமுறை இரண்டு பேராசிரியர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டதைக்கூட "கருத்துப் பரிமாற்றம் நிகழ்ந்தது" என்றுதான் எழுதினேன்.

உன் அக்காவைத்தான் முதலில் கேட்டேன், நீ பேசேன் என்று. அவள் கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்: "என் தம்பி பேச்சை மூணு வார்த்தையில முடிச்சீங்கல்ல? நீங்களும் மூணே வார்த்தையில கூப்பிட்டுப் பாருங்க, வர்றானான்னு." முயற்சி செய்தேன். "தயவுசெய்து வா மாப்பிள்ளை" என்று எழுதிப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. அதனால்தான் இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

ஆகவே, மேற்சொன்ன காரணங்களை முன்னிட்டு, நீ பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் வர வேண்டும். பேச வேண்டாம். படம் போட வேண்டாம். தலையாட்டவும் வேண்டாம். நாலாவது பொருள் முடிகிற வரை உட்கார்ந்திருந்தால் போதும். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. உனக்கு நாலு வைக்கச் சொல்கிறேன், அது என் அதிகார வரம்புக்குள் வருகிறது.

உன் வீட்டில் அனைவரும் நீண்ட ஆயுளோடும் உன் கடை நிறையப் பழுதான மோட்டார்களோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்தி, பதில் எதிர்நோக்கும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: உறை ஒட்டப் போகும்போது உன் மருமகள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்து, "அப்பா, விதி முப்பத்தொண்ணு?" என்றாள். அந்த விதி இதுதான்: பட்டம் பெறுபவருக்கு உறவினரான உறுப்பினர், அந்தப் பொருள் வரும்போது மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டும். உறவினர் பட்டியலில் ஐந்தாவது வரி: தாயுடன் பிறந்தவர். அதையும் நான்தான் டைப் அடித்தேன். ஆக, நாலாவது பொருளுக்கு நீ இருந்தால் விதிமீறல், எழுந்து போனால் பதினைந்து. மேலே நான் எழுதியது அத்தனையும் செல்லாது.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் என் அசல் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து, "தாவரவியல் தலைவி மேடம் வர்றாங்கப்பா" என்கிறாள். அந்த அம்மாள் இரண்டு வருஷமாகப் பேரவைப் பக்கமே தலைகாட்டவில்லை, கர்வம் பிடித்தவர் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயம் என்ன தெரியுமா? பட்டியலின் முதல் பக்கத்தில் கடைசி வரி அவர் பெயர். ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்த வரி கண்ணாடிக்கு வெளியே போய்விடுகிறது. நான் நகலைப் பார்த்துத்தான் அழைப்பு அனுப்புகிறேன். "எனக்கு நோட்டீஸே வரலையேம்மா, என்னை எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாராம். எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிர்க் கட்டடம். என் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும்.

ஆகவே கணக்குக்கு நீ வேண்டியதில்லை. ஆனாலும் வா. முதல் பொருளுக்கு வா. கடைசியாக நடந்த கூட்டத்தின் குறிப்பு இன்னும் உறுதி செய்யப்படவே இல்லை, திருத்தலாம். நேற்று உட்கார்ந்து உன் பேச்சை நாலு பக்கம் எழுதிவிட்டேன். குழாய்ப் படமும் உண்டு. அந்தத் தாளை நான் தூக்கிப் போடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பம்ப் மேல் தப்பில்லை, உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் காற்று இழுக்கிறது என்று நீ சொன்னதை, அன்று கூட்டத்தில் இருந்த விடுதிக் காப்பாளர் அம்மாள் அங்கேயே உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய், மூன்றாம் நாள் மாற்றிவிட்டார். அன்றிலிருந்து மூன்றாம் தளத்தில் தண்ணீர் வருகிறது. எனக்குப் பத்து மாதமாகத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. பொறாமைதான், வேறென்ன. இருபத்தெட்டு வருஷமாக நான் பக்கம் பக்கமாக எழுதின தீர்மானங்களில் ஒன்றாவது இப்படி நடந்திருக்கிறதா என்று யோசித்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

அதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். படித்துப் பார்த்து, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் எழுந்து சொல்லு, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்கிறேன். நாலாவது பொருள் வந்ததும் வெளியே போய்விடு. நான் உள்ளே எழுதிக்கொண்டிருப்பேன், எழுந்து வர முடியாது. அவள் வராந்தாவில் தனியாக நின்றுகொண்டிருப்பாள்.