பெயிண்ட் பக்கெட் பயில்வான்

மாதா திருவிழாவுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே காஸ்பர் ஆப்பத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அறிவித்தார். "இந்த வருஷம் தேருக்கு நான் தோள் குடுக்கறேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

தடுக்கப்போவது அவருடைய மச்சான் ஆண்ட்ரூதான். பங்குக் கோயிலில் தேர் தூக்க ஆள் பொறுக்குவது அவன் வேலை. போன வருஷம் தெருமுனை பேக்கரி பக்கத்தில் காஸ்பரின் தோள் இறங்கி, மாதா சுரூபம் பன் வாங்க வந்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆண்ட்ரூ அவரை வெளியே இழுத்து, கையில் தண்ணீர் பாக்கெட் மூட்டையைக் கொடுத்தான். ராயப்பேட்டையே பார்த்தது. அந்த அவமானம் காஸ்பருக்கு இன்னும் ஆறவில்லை, பாவம்.

"ஜிம்முக்குப் போறீங்களா?" என்றாள் அல்போன்சா. அவர் மனைவி, ஆண்ட்ரூவின் அக்கா, சயின்ஸ் டீச்சர்.

"ஜிம் எதுக்கு? வீட்லயே பண்றேன். காலி பெயிண்ட் பக்கெட் ரெண்டு கீது. நடுவுல இரும்பு பைப், ரெண்டு முனையிலயும் சிமெண்ட். வெயிட் ரெடி."

"அப்படியே மாடில துணி காயப்போட ஒரு கொடியும் கட்டிக் குடுங்களேன். ரெண்டு வருஷமா கேக்கறேன்."

"ஹவுஸ் ஓனர் சண்முகசுந்தரம் சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டாரு. நான் இன்னா பண்றது?"

இந்த ஒரே பதிலில் ரெண்டு வருஷம் சுகமாக ஓட்டியிருந்தார் காஸ்பர். அல்போன்சா காலி பக்கெட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கே பயந்திருக்க வேண்டும். மனுஷன் இன்னொரு ஆப்பம் கேட்டார்.

மாடியில் சிமெண்ட் கலக்கும்போது அவளே வந்து நின்றாள்.

"பைப் என்னங்க இவ்ளோ குட்டை? உங்க தோள் அகலத்துக்குப் பத்துமா? ஆளுயரத்துக்கு வாங்குங்க."

தோள் அகலம் என்றதும் காஸ்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் ஆளுயரப் பைப் வாங்கி வந்தார்.

"ரெண்டு முனையும் ஒரே நேரத்துல எப்படி ஊத்துவீங்க? ஒரு பக்கெட்ல ஊத்தி பைப்பை நட்டு வைங்க. இறுகினப்புறம் திருப்பிப் போட்டு அடுத்த முனை."

"அதான் நானும் நெனச்சேன்," என்றார், நினைக்காதவர்.

"ரெண்டு செட்டாவே பண்ணிடுங்க. போகப் போக வெயிட் ஏத்தணுமில்ல? இன்னொரு பைப் வாங்கி அடுத்த பக்கெட்ல நடுங்க. அடுத்த முனைக்கு பக்கெட் நான் ஸ்கூல்ல கேட்டு வாங்கித் தரேன்."

கட்டினவளுக்கு நம் உடம்பின் மேல் இவ்வளவு அக்கறையா என்று அவர் பூரித்துப்போனார். ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி சிமெண்டைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். ஞாயிறு பூசை முடிந்து மாடியேறினால், ரெண்டு கம்பத்துக்கும் நடுவே நீல நைலான் கயிறு. அதில் அவருடைய லுங்கியே காற்றில் ஆடியது.

"அல்போன்சா, இன்னா இது?"

"கொடி. சுவத்துல ஒரு ஆணி இல்ல பாருங்க."

"அப்ப என் பயிற்சி?"

"வெயில் நகர நகர இதைத் தூக்கித் தூக்கி வைங்க. மழை வந்தா படிக்கட்டு ரூமுக்குள்ள. இதைவிட என்ன பயிற்சி வேணும்?"

முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, திருவிழாவுக்குள் தோள் திரண்டுவிட்டது. ஆண்ட்ரூ அமுக்கிப் பார்த்தான். "வந்து நில்லுங்க மாமா" என்றான்.

பவனி கிளம்பியது. பேக்கரி முனை வந்தது. மாதா இம்மியும் சாயவில்லை. காஸ்பருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அல்போன்சா ஜெபமாலையோடு பக்கத்தில் வந்தாள். பாராட்டத்தான் வருகிறாள் என்று காதைக் கொடுத்தார்.

"தூறல் போடுதுங்க. கொடி வெளியில நிக்குது."

"நனையட்டும். இப்ப நான் வரமாட்டேன்."

"சரி, நனையட்டும். பவனி முடிஞ்சதும் பூசைக்கு ஃபாதர் போடப்போற அங்கியைத் துவைச்சுத் தரேன்னு வாங்கிட்டு வந்தேன், அதுலதான் காயுது."

காஸ்பர் நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தால், ஆண்ட்ரூ ஏற்கெனவே தோளைக் கொடுத்திருந்தான்.

நாலு வீடு தள்ளித்தான் வீடு. ஓடி மாடியேறி, ரெண்டு கம்பத்தையும் கைக்கொன்றாக, அங்கியோடும் கயிற்றோடும் ஒரே மூச்சில் தூக்கிப் படிக்கட்டு ரூமுக்குள் வைத்தார். எந்த ஜிம்காரனும் செய்யமாட்டான். பார்க்கத்தான் ஆளில்லை.

மூச்சு வாங்கக் கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து நின்றார். கீழே தேர் போய்க்கொண்டிருந்தது, நேராக. கூட்டத்திலிருந்து அல்போன்சா அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கினாள். காஸ்பர் உருகிப்போய் ரெண்டு கையையும் ஆட்டினார்.

அவள் வாயருகே கையைக் குவித்துக் குரல் கொடுத்தாள். "துணி கிளிப்பெல்லாம் கீழ விழுந்திருக்கும், பொறுக்கிட்டு வாங்க."