மாமனார் குளியலும் தண்ணீர் மீட்டரும்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். என் வாழ்க்கையில் நான் பட்ட மிகப் பெரிய அவமானத்துக்கு அதுதான் காரணம்.

அப்போது பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். நானும் என் கணவர் செந்திலும் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். மாடியில் நூர்ஜஹான் அக்கா. சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு, கணவர் துபாயில். அக்கா, அவருடைய மாமியார், மூன்று பிள்ளைகள் என்று மேலே ஐந்து பேர். இரண்டு வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே டேங்க். குழாய்த் தண்ணீர் போதாமல் லாரித் தண்ணீர் வாங்கி ஏற்றுவோம். மாதக் கடைசியில் தண்ணீர்ச் செலவு இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி.

ஐந்து பேருக்கும் பாதி, இரண்டு பேருக்கும் பாதி! இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு கணக்கு டீச்சரால் எப்படித் தூங்க முடியும்? (செந்தில் நன்றாகத் தூங்கினார். அவர் தமிழ் இலக்கியம் படித்தவர்.)

அரியலூரில் இருந்த வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன். "வூட்டுக்கு ஒரு மீட்டர் வச்சிடலாம் சார். யார் எவ்வளவு செலவு பண்றாங்களோ அவங்க அதைக் கட்டட்டும்" என்றேன்.

"தாராளமா வைங்கம்மா. செலவை மட்டும் நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனை வைத்தார்.

இரண்டு மீட்டரையும் என் காசில் வாங்கினேன். நூர்ஜஹான் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனால், "வைங்க டீச்சர், எனக்கென்ன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிளம்பர் வந்து மாட்டியபோது அவருக்கு டீ கொடுத்ததும் அக்காதான். நான் பக்கத்தில் நின்று, பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து ரீடிங் எடுக்கும் நாள் வந்தது. பின்னால் பேச்சு வரக்கூடாது பாருங்கள், சாட்சிக்கு அக்காவையும் கூப்பிட்டேன். மாவு பிசைந்த கையோடு இறங்கி வந்தார். முதலில் மேல்வீட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டேன். பிறகு எங்களுடையது. கழித்துப் பார்த்தேன். மறுபடியும் கழித்தேன். போனில் கால்குலேட்டரைத் திறந்து கழித்தேன்.

ஐந்து பேர் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவியதைவிட நாங்கள் இரண்டே பேர் ஒன்றரை மடங்கு செலவழித்திருந்தோம்.

அக்கா சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தண்ணிதானே டீச்சர், விடுங்க. எப்பவும் போலப் பாதியே குடுங்க" என்றார். என் சுயமரியாதை கொதித்துவிட்டது. மீட்டர்படிதான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, முன்பைவிட அதிகமாகக் கட்டினேன்.

சந்தேகம் முழுக்க செந்தில்மேல் திரும்பியது. அவருக்குக் குளிக்க ஒரு வாளி, மேற்கொண்டு நாலு குவளை என்று சட்டம் போட்டேன். ஷேவ் பண்ணும்போது கதவுக்கு வெளியே நின்று குழாய்ச் சத்தத்தைக் கேட்டேன். படிக்கட்டுக்கு அடியில் எங்கள் வீட்டுக் குழாய்க்கு ஒரு பழைய வால்வு இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அதை இறுக்கி மூடிவிட்டுப் போவேன். குடங்களைக்கூட நிரப்பி வைக்கவில்லை. (நிரப்பினால் மீட்டர் ஓடுமே!)

இந்த லட்சணத்தில் என் மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமாவுக்குத் திருமழபாடி. பாடாலூரில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பெரியவர் என்ற முறையில் தட்டு மாற்ற வேண்டியவர் அவர்தான். முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, காலையில் சீயக்காய்ப் பொட்டலத்தோடு குளியலறைக்குள் போனார். வாழ்நாள் முழுக்கக் கொள்ளிடத்தில் குளித்தவர். அவருக்கு வாளி என்பது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. வெளியே போய் மீட்டரைப் பார்த்தேன். திருவிழா ராட்டினம்போல் சுற்றிக்கொண்டிருந்தது. மாமனாரிடம் நாலு குவளைச் சட்டம் பேச முடியுமா? 'கொஞ்சமாகக் குறைத்துவைப்போம், அவருக்குத் தெரியவா போகிறது' என்று வால்வைப் பிடித்துத் திருகினேன். அன்றைக்கென்று அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்துத் திருகினேன்.

பிடி கையோடு வந்துவிட்டது. குழாயும் சேர்ந்து உடைந்தது. தண்ணீர் என் முகத்தில் ஓங்கி அடித்தது.

உடைந்த இடம் மீட்டருக்கு முன்னால். அதனால் டேங்க் மொத்தமும் வாசலில் ஆறாக ஓடுகிறது, மீட்டரோ ஒரு சொட்டைக்கூடக் கணக்கில் எடுக்காமல் அப்படியே நிற்கிறது. அந்த மாதத்தில் அது நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மாடி! தண்ணி நின்னுபோச்சும்மா!"

"இதோ வந்துடும் மாமா!" என்றேன், வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிக்கொண்டே.

"சீக்கிரம்மா! சீயக்கா கண்ணுல போயிருச்சு!"

செந்தில் ஓடிவந்து பார்த்துவிட்டு, "என்னடி இது!" என்றார். எதிர்வீட்டார், பக்கத்து வீட்டார், ரோட்டில் போன இரண்டு பேர் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர்கூடக் குழாயைத் தொடவில்லை.

"யா அல்லா, தள்ளுங்க டீச்சர்!" நூர்ஜஹான் அக்கா மாடியிலிருந்து ஒரு பழைய துண்டோடு இறங்கி வந்தார். துண்டை உடைந்த குழாயில் திணித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அதற்குள் டேங்கில் எதுவும் மிச்சமில்லை. "எங்க அடுப்பாங்கரையில ரெண்டு குடம் இருக்கு தம்பி, போய்த் தூக்கிட்டு வாங்க" என்று செந்திலை விரட்டினார். அவர்கள் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீர் அது. அதில்தான் மாமா தலை அலசினார்.

பிறகு இடுப்பில் துண்டோடு, ஒரு கண் சிவந்து, காது மடலில் சீயக்காய்த் தூளோடு வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"பழைய வால்வு மாமா. தானா உடைஞ்சிருச்சு."

மாமா என் வலது கையைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. நானும் குனிந்து பார்த்தேன். வால்வின் பிடி இன்னும் என் கையிலேயே இருந்தது.

மாமா நிதானமாகச் சொன்னார்: "அம்பது வருசமா கொள்ளிடத்துல குளிக்கிறேன். ஆறு தானா வத்தியிருக்கும்மா. நான் குளிக்கும்போது யாரும் மூடுனதில்ல."

முதலில் சிரித்தது செந்தில். (இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

மத்தியானம் பிளம்பர் வந்து குழாயைச் சரிசெய்தார். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றியதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ஏங்க, டாய்லெட் ஃபிளஷ் டேங்க் எத்தனை நாளா இப்புடி ஒழுவுது?"

போய்ப் பார்த்தோம். உள்ளே ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்து, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் அதிகம் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. பாவம் செந்தில், ஒரு மாதமாக ஒரு வாளி, நாலு குவளையில் குளித்திருக்கிறார். புது வாஷரின் விலையை இங்கே சொல்ல மாட்டேன். ஒரு டீ, ஒரு வடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மீட்டர் காசை மிச்சப்படுத்துமா என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்பதுண்டு. கட்டாயம் மிச்சப்படுத்தும். நான் மீட்டர் வைத்ததில் மேல்வீட்டுக்கு அந்த மாதம் நல்ல மிச்சம். அன்று சாயங்காலமே மாடிக்குப் போய், மறுபடி பாதிப் பாதியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "நான் எப்ப டீச்சர் வேண்டாம்னேன்?" என்று அக்கா ஒரு தட்டில் சுடச்சுட வட்டலப்பம் என்ற முட்டை இனிப்பை வைத்துக் கொடுத்தார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

மாமா காது மடலில் சீயக்காயோடுதான் பாடாலூரில் தட்டு மாற்றினார். அது என்ன என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் சொல்லியிருக்கிறார். அந்த வாரத்துக்குள் அரியலூர்வரை எங்கள் சொந்தத்தில் கதை தெரியாத ஆளே இல்லை.

போன வருஷம் நாங்கள் சொந்த வீடு கட்டிக் குடிபோனோம். போர் போட்டு, பெரிய தொட்டி கட்டி, தண்ணீருக்குக் குறைவில்லை. மாமாவும் வந்திருந்தார், நூர்ஜஹான் அக்காவும் வந்திருந்தார். புதுக் குளியலறையில் மாமாதான் முதலில் குளிக்க வேண்டும் என்று துண்டை நானே எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போனவர், கதவைச் சாத்துவதற்கு முன் தலையை மட்டும் வெளியே நீட்டி, வந்த சனம் அத்தனைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நூர்ஜஹான், ஒரு குடம் தண்ணி வெளிய வச்சிரும்மா. எம் மருமவ இன்னிக்கும் வூட்டுலதான் இருக்கா."