பட்டன் சரியில்லை

தோற்பவர்களில் இரு வகையினர் உண்டு. தோற்றதும் எழுந்து சாப்பிடப் போகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தோற்றதும் கையிலிருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள் மற்றொரு வகை. வாசகரே, இவர்களுக்குக் கருவிக்குறைஞர் என்று பெயரிட்டுக் கொள்வோம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. கேரம் ஆட அழைத்தால் பலகையில் பவுடர் போதாது என்பார்; பவுடரைக் கொட்டினால் கொட்டியது அதிகம் என்பார். இறகுப்பந்து மட்டையின் நரம்பை நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டு, வீணை வித்துவானைப் போலத் தலையை அசைப்பார். பந்து வலையில் விழுந்தால் வலையின் உயரத்தை முழங்கையால் அளப்பார். அவர் தோற்றதே கிடையாது. தோற்றவை யாவும் பொருள்கள்.

குரோம்பேட்டை தேவானந்தம் இவ்வினத்தின் தலைசிறந்த மாதிரி. காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவில் தாழ்குரல் பாடுபவர் (மைக் சரியில்லை). சென்ற கிறிஸ்துமஸ் அன்று இவர் தம் மனைவியின் தங்கை கணவர் ஜெர்சனிடம், மாமனார் வீட்டார் அனைவரும் கேக்கும் கையுமாகச் சுற்றி நிற்க, கணிப்பொறிக் கார்ப் பந்தயத்தில் தோற்றார். ஒரு சுற்று முழுவதும் அவருடைய கார் எதிர்த்திசையில் ஓடியது. அதை முதலில் கவனித்தவர் மாமனார்.

"கீபோர்டுல ஓட்டுறது கார் ஓட்டுறதா? அது டைப் அடிக்கிறது. எனக்கு மட்டும் ஒரு ஜாய்ஸ்டிக் இருந்திருந்தா..." என்றார் தேவானந்தம்.

அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார், பார்த்தீர்களா? அதுதான் கலை. ஆனால் சகலைகள் சிலர் ஈவிரக்கமற்றவர்கள். புத்தாண்டுக்கு ஜெர்சன் கணிப்பொறிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கே போய் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி, வண்ணத்தாள் சுற்றிக் கொண்டுவந்து நீட்டிவிட்டார்.

வேறொருவராயிருந்தால் அன்றே அகப்பட்டிருப்பார். தேவானந்தத்தைக் காப்பாற்றியது ஒரு மென்பொருள். அந்தப் பழைய விளையாட்டுக்கு ஜாய்ஸ்டிக் என்றால் இன்னதென்று தெரியாது. ஆகவே எந்தப் பட்டனை அழுத்தினால் கீபோர்டின் எந்த விசையை அழுத்தியதாகக் கணிப்பொறி கொள்ள வேண்டும் என்று நாம்தான் ஒவ்வொன்றாகக் கற்பிக்க வேண்டும். அதற்கென்றே இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மென்பொருள் அது. மற்றவர்களுக்குக் காபி ஆறுவதற்குள் முடியும் வேலை. தேவானந்தத்துக்கோ சொர்க்கவாசல் திறந்தது.

பிரேக்கைக் கட்டைவிரலிடமிருந்து பறித்து ஆள்காட்டி விரலுக்குக் கொடுத்தார். கட்டைவிரல் சும்மாயிருப்பது கண்டு மனமிரங்கி அதற்கு ஹாரனைக் கொடுத்தார். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கார் பின்னோக்கிப் போவது கண்டு இரண்டையும் பிடுங்கி நடுவிரலிடம் ஒப்படைத்தார். பிறகு குச்சியை எவ்வளவு அசைத்தால் அசைத்ததாகக் கொள்வது என்ற தத்துவ விசாரத்தில் இறங்கி, தும்மினால்கூடக் கார் பள்ளத்தில் பாயும் நிலையிலிருந்து, இரு கையாலும் நெம்பினாலும் அசையாத நிலைவரை அனைத்தையும் ஆராய்ந்தார். ஓர் அமைப்பில் குறை கண்டால் அதை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது அவர் கொள்கை. கார் மட்டும் ஓடவில்லை. ஜெர்சன் போனில் கேட்கும்போதெல்லாம், செட்டிங் நடந்துகொண்டிருக்கிறது என்ற ஒரே பதில்தான். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஏற்பாடு நடக்கவில்லையே என்று மனைவி ரத்தினபாய் அண்டை வீட்டில் சொல்லி வருந்தினார்.

இதில் வியப்பென்ன? செட்டிங் முடியாதவரை அவர் தோற்காதவர். முடிந்துவிட்டால்?

ஈஸ்டர் ஞாயிறன்று மாடம்பாக்கத்திலிருந்து ஜெர்சனும் அவர் மனைவி டெபோராவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். அன்று காலை, ஆலயத்துக்குப் புறப்படுமுன், அவசரத்தில் கைபோன போக்கில் செய்த ஓர் அமைப்பு திரையில் அப்படியே கிடந்தது.

"அத்தான், செட்டிங் முடிஞ்சுதா, இல்ல அடுத்த கிறிஸ்துமஸா?" என்றாள் டெபோரா.

தேவானந்தம் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கினார். மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். உள்ளிருந்து ரத்தினபாயின் குரல் வந்தது. "என்னங்க, பிரியாணி ஆறுது. ஒண்ணு ஆடுங்க, இல்ல மூடி வெச்சிட்டு வாங்க."

ஆடினார்கள். ஜெர்சனுக்குக் கீபோர்டு, தேவானந்தத்துக்கு ஜாய்ஸ்டிக். முதல் வளைவிலேயே தேவானந்தத்தின் கார் சுவரைத் தேடிச் சென்று தழுவியது. பிரேக் பட்டன் இன்னும் கொஞ்சம் முன்னால் வர வேண்டும் என்று அவர் நிம்மதியாக விளக்கிக்கொண்டிருந்தபோது, ஜெர்சன் கபடமில்லாமல் ஒன்று சொன்னார்.

"அப்ப மாத்திக்கலாம் அண்ணா. நீங்க கீபோர்டு எடுங்க."

மறுக்க வழியில்லை. மறுபடி ஆடினார்கள். ஜெர்சனின் கையில் அந்த ஜாய்ஸ்டிக் வெண்ணெயாக வழுக்கியது. கார் வளைவுகளில் தாமரையிலைத் தண்ணீர்போல உருண்டது. தேவானந்தம் பாதி வழியில் இருக்கும்போதே அவர் பந்தயத்தை முடித்துவிட்டுத் திரும்பினார்.

"சும்மா சொல்லக் கூடாது அண்ணா. உங்க செட்டிங் பிரமாதம். கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம். பெண்டிரைவ் கொண்டாந்திருக்கேன், இத அப்படியே எனக்கும் போட்டுக் குடுங்க."

வாசகரே, ஒரு மனிதரை இதைவிடக் கொடுமையாகத் தாக்க முடியுமா? பட்டன் சரியாக இருந்தது. சாட்சி சொன்னவர் வென்றவர். இனி அந்த அமைப்பு மாடம்பாக்கம்வரை போகும். மாமனார் வீட்டுக் கணிப்பொறியிலும் ஏறும். இதில் ஓட்டியும் தோற்றவர் என்று ஒருவருடைய பெயர் குடும்பத்தில் நிலைத்துவிடும்.

தேவானந்தம் மென்பொருளை மூடப் போனார். அது வழக்கம்போலப் பணிவாகக் கேட்டது: மாற்றங்களைச் சேமிக்கட்டுமா?

ஜெர்சன் பெண்டிரைவின் மூடியைக் கழற்றக் குனிந்தார். அந்த இடைவெளியில், பந்தயம் முழுவதும் ஒரு வளைவிலும் காணாத துல்லியத்தோடு, தேவானந்தத்தின் விரல் 'வேண்டாம்' என்பதன்மீது இறங்கியது.

"அடடா, போயிடுச்சே ஜெர்சன். சேமிக்கவே இல்ல பாரு. இந்த சாஃப்ட்வேரே சரியில்ல," என்றார். முகத்தில் அப்படியொரு ஒளி. "கவலப்படாதே, மொதல்லேருந்து பண்ணிடலாம். வா, பிரியாணி சாப்பிடலாம்."

சிரிக்கிறீர்கள். நல்லது. காலணி சரியில்லாததால் நடைப்பயிற்சியைத் தள்ளி வைத்திருக்கும் நீங்கள், மாவு சரியில்லாததால் தோசை பிய்ந்துபோன நீங்கள், தாராளமாகச் சிரிக்கலாம். சிரிப்பு வரவில்லையா? கட்டுரை சரியில்லை என்று தோன்றுகிறதா?

எதிர்பார்த்ததுதான்.