பூனை சைஸுக்கு ஒரு துப்பாக்கி

ஒரு காட்டில், துப்பாக்கிக் கடை திறந்த பிறகும் உயிரோடு ஒரு முயல் இருந்தது. பெயர் வெள்ளத்தாயி. வளைக்குள் நான்கு குட்டிகள். ஒரு காட்டுப்பூனை தினமும் அந்தி நேரத்தில் வளை வாசலுக்கு வந்து, "குட்டிங்க நல்லா கொழுக்குதா?" என்று விசாரித்துவிட்டுப் போகும். அந்த அக்கறைதான் வெள்ளத்தாயியின் தூக்கத்தைக் கெடுத்தது.

குட்டிகளையும் கூட்டிக்கொண்டு முள்ளம்பன்றி கொம்பையாவின் கடைக்குப் போனாள்.

"அண்ணே, பூனை சைஸுக்கு ஒரு துப்பாக்கி வேணும். நான் தூக்குற கனத்துல."

சின்னத் தோட்டாவுக்கென்றே உடம்பைச் சின்னதாகச் செய்த துப்பாக்கிகள் மூன்றைக் கொம்பையா மேசையில் வைத்தார். ஒன்று செக் நாட்டில் செய்தது, ஒன்று பின்லாந்து, ஒன்று ஜெர்மனி. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஒரு இரும்பு உருளையை இழுத்துத் தள்ள வேண்டும். கடையில் அதற்குத் தாழ்ப்பாள் என்று பெயர்.

எதையும் வாங்காமல் தினமும் கடைக்கு வரும் குரங்கு சடையாண்டியும் அங்கே இருந்தது.

"செக்கு எடு தாயி. தோட்டாவை நகம் போட்டுக் கவ்விக்கும்" என்றது.

"அதுல தவறி வெடிக்காம இருக்கப் போடுற பூட்டு மத்ததுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் போகுமே" என்றார் கொம்பையா. "சுடலாம்னு தள்ளுவா, பூட்டிக்கும். பின்லாந்து எடும்மா. தாழ்ப்பாள் எண்ணெய் விட்ட மாதிரி ஓடும்."

"அதைத் தூக்கித்தானே இழுக்கணும்? ஜெர்மன்காரனுது நேரா இழுத்தா போதும்" என்றது சடையாண்டி.

"இப்பத்தான் செக்குன்னே?"

"அது நீங்க பேசுறதுக்கு முன்னாடி சொன்னது."

வெள்ளத்தாயி கேட்டாள்: "எதுல பூனை சாகும்?"

இருவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அது வேற விஷயம்மா" என்றார் கொம்பையா.

எது வழவழப்பு என்று பார்க்க மூன்று தாழ்ப்பாள்களையும் கழற்றி மேசையில் உருட்டினார்கள். அப்போது வாசல் இருண்டது. காட்டுப்பூனை நின்றது.

"வளையில காணோமேன்னு வந்தேன். இன்னைக்குப் பதமா இருக்கும்னு தோணுச்சு."

"அண்ணே, சுடுங்க" என்றாள் வெள்ளத்தாயி.

"எது எதோட தாழ்ப்பாள்னு தெரியலையே" என்றார் கொம்பையா.

பூனை பாதத்தை உயர்த்தியது. வெள்ளத்தாயி குட்டிகளை வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டாள்.

"சித்தப்பா, குண்டடி படப் போறவரு நீங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்காம விட்டுட்டோம். இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

உயர்ந்த பாதம் அப்படியே நின்றது. அதனிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

"என்னைக் கேட்டா," என்று மெல்ல மேசையருகே வந்து உட்கார்ந்தது, "செக்குதான். அதோட பிடிக்கட்டை வால்நட் மரம். அதுல சாகுறதுல ஒரு கௌரவம் இருக்கு."

கொம்பையாவுக்கு முள் சிலிர்த்தது. "மரத்தை வச்சா துப்பாக்கி எடுப்பாங்க?"

"அவரு சொல்றதும் சரிதான்" என்றது சடையாண்டி.

வெள்ளத்தாயி குட்டிகளோடு பின்பக்கமாக நழுவினாள். போகிற போக்கில் மேசையிலிருந்து ஒரு தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டாள். இப்போது வளைக்குக் கதவு இருக்கிறது, அந்தத் தாழ்ப்பாளைத்தான் உள்ளிருந்து போட்டுக்கொள்கிறாள். எந்த நாட்டுது என்று அவள் பார்க்கவில்லை.

காணாமல் போனது எது என்று கடையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பூனை ரொம்ப இளைத்துவிட்டது.

நீதி: கொல்ல வருகிறவனிடம் கருணை கேட்காதே, கருத்துக் கேள். அவன் சொல்லி முடிப்பதற்குள் நீ கதவைச் சாத்திவிடலாம்.