மழைக்கு ஒழுகாத கொள்கை

உலக வெப்பமயமாதலுக்கு மனிதகுலம் தேடிக்கொண்டிருக்கும் தீர்வு, கெடாவில் செமிலிங் அருகே ஒரு செம்பனைத் தோட்ட மண்டபத்தில், தேர்தல் கூட்டமொன்றில், சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, கறிபாப் பலகாரத்தோடு சேர்த்து வழங்கப்பட்டது.

குணசுந்தரி முன்வரிசையில் இருந்தாள். போன வாரப் புயல்காற்று அவள் வீட்டுக் கூரையிலிருந்து ஆறு தகரங்களைப் பிடுங்கிப் போயிருந்தது. ஓட்டை விழுந்தது எழுந்து நடக்க முடியாத மாமியார் ராக்காயியின் கட்டிலுக்கு நேர்மேலே. அடுத்த மழைக்குள் கூரை போட வேண்டும். அவள் கவலை அவ்வளவுதான். இப்படிக் குறுகிய நோக்கம் கொண்டவர்களால்தான் பூமி சூடாகிறது.

வேட்பாளர் லோகேஸ்வரன், 2050க்குள் கரிம உமிழ்வு இல்லாத தொகுதி என்றார். எதிர்த்து நின்ற சசிதரன், 2045 என்றார். ஐந்தாண்டு முந்தி உலகைக் காப்பாற்றியவருக்கே கைதட்டல் அதிகம்.

குணசுந்தரி எழுந்தாள். "தம்பி, பருவநிலை மாறிப்போச்சுன்றீங்க. அந்தக் காத்துதான் என் கூரையத் தூக்கிட்டுப் போச்சு. ஆறு தகரம் யாரு தருவீங்க?"

மண்டபமே அவளுக்காக வெட்கப்பட்டது.

"தகரம் போட்டா வீடு சூடாகும்லா அக்கா," என்றார் லோகேஸ்வரன். "இப்ப உங்க வீட்டுல 'இயற்கைக் காற்றோட்டம்' இருக்கு."

"அந்த இடத்துல சோலார் போடுவோம்," என்றார் சசிதரன். "2045ல."

தேர்தல் முடிந்ததும் பதாகைகளை அவிழ்த்துக் கோழிக்கூண்டுக்குக் கூரை போடுவது தோட்டத்து வழக்கம். குணசுந்தரி முடியும்வரை காத்திருக்கவில்லை. இருவர் பதாகையையும் அவிழ்த்து வந்து, ஓட்டையின் மேல் பக்கத்துக்கொன்றாக விரித்து ஆணியடித்தாள். மறுநாள் மழை கொட்டியது. இரு கொள்கைகளையும் ஒப்பிட அதைவிட நேர்மையான மேடை கெடாவில் அமைந்ததில்லை. லோகேஸ்வரனுடையது மண்ணில் மக்கும் துணி. மழையை வரவேற்று உள்ளே அனுப்பியது. சசிதரனுடையது தடித்த பிளாஸ்டிக்; ஒரு சொட்டு விடவில்லை. குணசுந்தரி கட்டிலை அதன் கீழே நகர்த்தினாள்.

"இந்தப் பையன் நல்லவன்டி," என்றாள் ராக்காயி, மேலே பதாகையில் இருந்த சசிதரன் படத்தைப் பார்த்து. "சிரிச்சிக்கிட்டே காவல் இருக்கான்."

குடும்பத்தின் நாலு ஓட்டும் சசிதரனுக்கே விழுந்தது. அவரும் வென்று 'ஒய்.பி.', அதாவது மாண்புமிகு உறுப்பினர், ஆனார். பதவியேற்ற வாரமே 'பிளாஸ்டிக் இல்லாத தொகுதி' இயக்கத்தைத் தொடங்கி, படம் பிடிப்பவர்களோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, இது பிளாஸ்டிக். கழட்டணும்லா."

"மானம் கறுத்திருக்கே ஒய்.பி. மழை வந்தா?"

"மழைய நான் தீர்மானிக்க முடியுமாக்கா?"

கழற்றினார்கள். படம் எடுத்தார்கள். மூன்றாவது படத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவருடைய ஆட்கள் நால்வர் அதே பதாகையை அவர் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து, ஒரு துளி படாமல் காருக்குக் கொண்டுபோனார்கள்.

நனைந்த கட்டிலை மூலைக்கு இழுத்துக்கொண்டே குணசுந்தரி கத்தினாள்:

"ஒய்.பி.! உங்க கொள்கை இப்பத்தான் புரிஞ்சிச்சு! எந்தத் தலை நனையக் கூடாதுன்றதுதானே அது?"