ஒன்பது மில்லிமீட்டரில் நின்றுபோன கட்டி

அஸ்தினாபுரம்,
12.3.1994

அன்புள்ள மாப்பிள்ளை பக்தவச்சலம் அவர்களுக்கு, சம்பந்தம் எழுதுவது. இங்கு உங்கள் மாமியார் லோகநாயகி நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. காந்திமதியிடம் இதைக் காட்ட வேண்டாம், அம்மாவை எண்ணிப் பயந்துவிடுவாள்.

சென்ற மாதம் வந்தபோது எனக்கு விளக்கினீர்கள்: ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தானே மடிந்துபோக ஓர் ஆணை உண்டு, புற்றுச்செல் அதை மதிப்பதில்லை, மருந்து அந்த ஆணையை எழுப்பிவிடும், மிச்சத்தில் வாரத்துக்கு இத்தனை பங்கு குறையும் என்று. நான் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியன். சமன்பாட்டைக் கையில் கொடுத்தால் சும்மா இருப்பேனா? தினமும் காலையில் லோகநாயகியின் கழுத்துக் கட்டியை வெர்னியர் அளவுகோலால் அளந்து கிராஃப் தாளில் குறித்தேன். வாரக் கணக்கில் 24, 17, 12 மி.மீ. கோடு அழகாக இறங்கியது. பிறகு ஸ்கேன் எடுக்கப் போனோம். பெருங்களத்தூர் நெரிசலில் ஆட்டோ முக்கால் மணி நேரம் நின்றது. "இன்னா சார், ஆஸ்பத்திரிக்கு அளவுகோல் எத்துனு வர்றே? டாக்டருக்கு சட்டை தெக்கப் போறியா?" என்றார் ஆட்டோக்காரர் முனிரத்தினம். அங்கே நர்ஸ் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்ல, இவள் மஞ்சள் கயிற்றுக்கு மாறினாள். அன்று முதல் வெர்னியர் சில்லென்று இருப்பதாகச் சொல்லிக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்கிறாள். நானும் அழுத்திவிடுவேனோ என்ற பயத்தில் துண்டின் மேலேயே அளக்கிறேன்.

அப்புறம்தான் வினை. 9. அடுத்த வாரமும் 9. இந்த வாரமும் 9! சமன்பாட்டின்படி 4 இருக்க வேண்டும். ஆணைக்குப் பணியாத செல்கள் மிஞ்சிவிட்டனவா? நான் கணக்கில் தவறினேனா? அவளிடம் "நல்லா குறையுது" என்று பொய் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நிற்கிறேன். வியாழக்கிழமை ஊசி. மருந்தை மாற்றும்படி டாக்டரிடம் நான் சொல்லலாமா? சொன்னால் கோபித்துக்கொள்வாரா? உடனே தந்தி கொடுங்கள்.

குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். உங்கள் அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சம்பந்தம்

பி.கு.: தந்தி வேண்டாம். ஒட்டுவதற்குள் லோகநாயகி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். துண்டை உருவி எறிந்து, "நல்லா பாருங்க. மூணு வாரமா நீங்க அளக்கறது தாலிக்கயிறு முடிச்சு" என்றாள். தடவிப் பார்த்தேன். முடிச்சை நகர்த்தினால், விரலுக்கு எதுவும் அகப்படவில்லை. பூஜ்யம் என்று குறிக்கத் துணிவில்லை. டாக்டர் கை வைத்துச் சொல்லட்டும். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "குறையுதுன்னு தானே சொன்னீங்க. சொல்லியிருந்தா காலையில வந்து பக்கத்துல உக்காருவீங்களா?" என்றாள்.

நாளைக்கும் அளக்கச் சொல்லியிருக்கிறாள். எதை என்று நான் கேட்கவில்லை.