மொச்சையைத் திருத்த வந்தவர்

பக்கத்துத் தோட்டத்து அர்த்தநாரி மாமா ஒருநாள் முறம் நிறைய மொச்சை விதையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

“அம்மணி, இதுல எத்தன நிறம்னு எண்ணிச் சொல்லு.”

எண்ணினேன். “ஏழுங்க மாமா.”

“ஒரே தோட்டத்துல ஏழு நிறம். பாக்கறவன் என்ன நெனைப்பான்?”

“கொழம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதானுங்களே.”

“ரெண்டு பாஷை படிச்ச புள்ள பேசற பேச்சா இது?” என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒழுங்குக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், திருச்செங்கோட்டுப் பக்கம் ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். கலியாணப் பந்தியில் ஆட்களை எழுப்பி உயரப்படி உட்கார வைப்பவர், காளை வாங்கப் போன இடத்தில் இரண்டு கொம்பும் ஒரே நீளமா என்று அளந்துவிட்டுப் பல்லைப் பார்க்க மறந்து கிழட்டு மாட்டை ஓட்டி வருபவர், அடுத்த வீட்டுக் கூரையில் ஓர் ஓடு சாய்ந்திருந்தால் சோறு இறங்காமல் தவிப்பவர், எல்லாம் இவரே. “ஒரே மாதிரி இருக்கோணும்” என்பது இவர் மந்திரம். எதற்கு? அதை யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் சந்தையில் விவசாய இலாகாக்காரர் ஓர் ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். நான்தான் மாமாவுக்குப் படித்துச் சொன்னேன். நோயில்லாமல் நன்றாகக் காய்த்த செடியாகப் பார்த்து விதை எடுக்கச் சொல்லியிருந்தது. நிறத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் குறையை மாமா மன்னித்துவிட்டு, வெள்ளை விதையை மட்டும் பொறுக்கினார். சிவப்பு, கறுப்பு, புள்ளி போட்டது என்று மற்ற ஆறையும் வேகவைத்துக் காளைக்கு வைத்தார்.

“ஏனுங்க, ஒரு படியாச்சும் கலப்பா எடுத்து வெச்சுக்கலாமுங்க,” என்றார் அவர் மனைவி சென்னியம்மாள் அத்தை.

“கலப்பா?” என்றார் மாமா, மோரில் ஈயைக் கண்டவர்போல.

ஊரும் அவரைப் பார்த்து மற்ற நிறத்தையெல்லாம் குழம்பில் போட்டுவிட்டு வெள்ளையையே விதைத்தது. கார்த்திகையில் எல்லாம் ஒரே நாளில் பூத்தன. மாமா வரப்பில் நின்று வருவோர் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் பிடித்த மழை எட்டு நாள் விடவில்லை. எல்லாப் பூவும் ஒன்றாகக் கொட்டின. எல்லா வேரும் ஒன்றாக அழுகின. ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு.

“பூவெல்லாம் வரிசையா உழுந்திருக்குதுங்களான்னு போய்ப் பாத்துட்டு வாங்க,” என்றார் அத்தை.

களையெடுக்க வரும் ஆராயி, முந்தின வருஷம் கூலியாக வாங்கிய கலப்பு விதையைத் தன் குடிசையோரம் ஊன்றியிருந்தாள். அதில் சிவப்பு மழைக்கு முன்பே காய்த்துவிட்டது. கறுப்பு சாவகாசமாகத் தையில் பூத்தது. புள்ளி போட்டது தண்ணீரில் நின்றுகொண்டே காய்த்தது. வெள்ளை மட்டும் செத்தது. மிஞ்சியதை அவள் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு மூடினாள். ஆடியில் ஊன்ற, ஊரில் அந்தப் பானையை விட்டால் வேறு மொச்சை விதை இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் முருங்கைக்காயை ஒரே நீளமாக நறுக்கவில்லை என்று இன்று காலை வீட்டில் யாரைக் கடிந்துகொண்டீர்கள் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பங்குனியில் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

“ஆராயிகிட்ட நீ போய்க் கொஞ்சம் வெதை வாங்கியா, அம்மணி. ஆறு நிறமும் வேணும். இனிமே எனக்கு எந்த நிறமும் ஒண்ணுதான். ஆனா நிறத்துக்கு நூறுன்னு எண்ணித் தனித்தனியாக் கட்டோணும், சாமி. ஒண்ணு கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்.”